சாக்கு போர்த்தி மலையேறிய நாள்

1

அடுத்த வாரம் இந்தத் தீவுக்குச் சுதந்திரம், புதுக் கொடி ஏற்றுகிறார்கள். எங்கள் ஊரான காத்ர் போர்ன் கடைத்தெருவில் சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை என்று நான்கு நிறத்திலும் துணி தொங்குகிறது. வாங்குகிறவர்கள் சத்தம் போடாமல் வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு போகிறார்கள். கடலூரில் நம் கொடி ஏறிய காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான் பிரசவ ஆஸ்பத்திரியில் பயிற்சி மாணவி. யார் வீட்டுச் சர்க்கரையோ, எங்கள் கையெல்லாம் பிசுபிசுத்தது. வடக்கே என்ன நடந்துகொண்டிருந்தது என்று பத்திரிகையில் படித்தோமே தவிர, எங்கள் தெருவில் யாரும் யாரைப் பார்த்தும் பயப்படவில்லை. இங்கே எங்கள் தெருவில் பாதி வீடுகளில் தோரணம் கட்டுகிறார்கள். மறு பாதியில் பெட்டி கட்டுகிறார்கள்.

நான் எந்த நாட்டுக்காரி என்று முடிவு செய்ய வேண்டும் என்று அரசாங்க அலுவலகத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். குமாஸ்தா இளைஞர், மரியாதையானவர். பிறந்த ஊர் கேட்டார். "கடலூர்" என்றேன். "கல்கத்தா" என்று எழுதினார். திருத்தினேன். "அப்படி ஓர் ஊர் இருக்கிறதா?" என்று வியந்தார். கணவர் பெயர் கணபதி என்றேன். இங்கே தாளில் அது கனபாதி. என் மகள் செல்வி பள்ளிக்கூடத்தில் சில்வி. இந்தத் திருத்தங்களோடு சண்டை போடுவதை நான் எப்போதோ விட்டுவிட்டேன். ஆனால் அன்றைக்கு அந்த இளைஞர் கடைசியாக ஒன்று கேட்டார்: "நிச்சயமாக இங்கேயே இருக்கப் போகிறீர்களா, மாதாம்?"

சாதாரணக் கேள்விதான். ஆனால் எனக்கு ஜனவரியில் நாங்கள் ஏறிய அந்த மலை நினைவுக்கு வந்தது.

2

பக்கத்து வீட்டு அல்ஃப்ரெட் சர்க்கரை ஆலையில் எந்திரம் பழுது பார்ப்பவர். கிரியோல் குடும்பம், ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழி வந்தவர்கள், மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். அவர் மனைவி தெரேஸின் கடைசிப் பெண்ணை என் கையால்தான் எடுத்தேன். மூத்தவள் பெயர் ஜோசியான். இந்த வீட்டுக்கு வந்த புதிதில் அந்தப் பெயர் என் காதில் ஜோசியம் என்று விழுந்து, குழந்தைக்கு இப்படியும் பெயர் வைப்பார்களா என்று கணவரிடம் கேட்டுச் சிரிப்புக்கு ஆளானேன். அவளும் செல்வியும் ஒரே வயது. நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து ஒன்றாகத் திரிந்தவர்கள். செல்வியிடம் நான் தமிழில் கேட்பேன், அவள் இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோலில் பதில் சொல்வாள், நடுவில் ஜோசியான் "ஆமாம்மா" என்று தமிழில் முடித்து வைப்பாள். செல்விக்குத் தெரிந்த தமிழ் ஜோசியானுக்கும் தெரியும், அவ்வளவு குறைவு.

கடந்த ஆண்டு தேர்தலுக்குப் பிறகு பேச்சு மெல்லக் குறைந்தது. அவர்கள் வீட்டில் சுதந்திரம் வேண்டாம் என்ற கட்சி, எங்கள் வீட்டில் வேண்டும் என்ற கட்சி. சண்டை ஒன்றும் வரவில்லை. வேலிக்கு மேலே கை மாறும் கிண்ணங்கள் நின்றுபோயின, அவ்வளவுதான். பிறகு அவர்கள் ஆஸ்திரேலியாவுக்குப் போகிறார்கள் என்று தெரிந்தது. செல்விக்கும் இங்கிலாந்தில் நர்ஸ் பயிற்சிக்கு இடம் கிடைத்தது.

ஜனவரியில் தலைநகரில் இனக் கலவரம் மூண்டது. யார் தொடங்கியது என்று ஆளுக்கு ஒரு கதை. அந்தக் கதைகளை இங்கே எழுதமாட்டேன். வீடுகள் எரிந்தன, ஆட்கள் செத்தார்கள். மலாயாவிலிருந்து வெள்ளைக்காரச் சிப்பாய்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். எங்கள் ஊரில் ஒரு கல்கூட விழவில்லை. ஆனாலும் சாயங்காலமானால் ஜன்னல்கள் சாத்திக்கொண்டன. தபால் நிலையத்தில் வேலை பார்க்கும் என் கணவர் போக்குவரத்து இல்லாமல் தலைநகரிலேயே தங்கிப்போனார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் செல்வியின் கட்டில் காலியாக இருந்தது. கான்வாஸ் செருப்பும் இல்லை. நான் வாசலுக்கு வருவதற்குள் அல்ஃப்ரெட் எங்கள் கேட்டுக்கு வெளியே நின்றிருந்தார். வாரக்கணக்கில் பேசாத மனிதர். தொப்பியைக் கையில் பிடித்திருந்தார்.

"உங்க பொண்ணும் இல்லையா, மாதாம்?"

அவர் பேசியது கிரியோல். இந்தக் குறிப்பில் பெரும்பாலும் அப்படித்தான். என் தமிழில் தருகிறேன்.

"எங்கே போனாங்க?"

"ரிவியேர் நுவார் மலைக்கு. சின்னவகிட்டச் சொல்லிட்டுப் போயிருக்காங்க. பள்ளத்தாக்கு வழியா உச்சிக்கு. தீவை ஒரு தடவை முழுசாப் பார்த்துட்டுத்தான் பிரியணுமாம்."

தீவிலேயே உயரமான சிகரம் அது. பள்ளிக்கூடக் காலத்திலிருந்து அங்கே போக வேண்டும் என்று இருவரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு வீட்டிலும் முடியாது என்று சொல்லியிருந்தோம். வேறு ஆண்டாக இருந்தால் திரும்பி வரட்டும் என்று திட்டக் காத்திருப்பேன். அன்று காட்டுக்குள் யார் யாரோ ஒளிந்திருக்கிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. வானொலியில் பெரிய மழை என்று சொல்லியிருந்தார்கள்.

"ஆலை வண்டி எங்கிட்ட இருக்கு" என்றார். "நான் போறேன். நீங்க…"

"நானும் வர்றேன்" என்றேன்.

3

வண்டியில் ஏறும்போதுதான் இருக்கைக்கு அடியில் கரும்பு வெட்டும் கத்தியைப் பார்த்தேன். நீளமான கத்தி. பாதையில் செடி வெட்டத்தான் எடுத்து வைத்திருப்பார். எனக்கு அது தெரியும். தெரிந்தும், வழி நெடுக என் கால் அதன் மேல் படாமல் ஒடுங்கி உட்கார்ந்திருந்தேன்.

ஓரிடத்தில் சிப்பாய்கள் சாலையை மறித்திருந்தார்கள். வெயிலில் சிவந்துபோன சிறு வயதுக்காரன் ஒருவன் உள்ளே எட்டிப் பார்த்தான். புடவை கட்டிய நான், பக்கத்தில் அல்ஃப்ரெட், காலடியில் கத்தி. அவன் என்னை மட்டும் இறங்கச் சொன்னான். தள்ளிக் கூட்டிப்போய்த் தணிந்த குரலில் ஆங்கிலத்தில் கேட்டான்.

"இவர் உங்களைக் கட்டாயப்படுத்திக் கூட்டிப் போகிறாரா?"

"இல்லை. பக்கத்து வீட்டுக்காரர். எங்கள் பிள்ளைகளைத் தேடிப் போகிறோம்."

"நிச்சயமாகவா?"

"நிச்சயமாக."

விட்டுவிட்டான். வண்டி கிளம்பியதும் அல்ஃப்ரெட், "என்ன கேட்டான்?" என்றார். "எங்கே போறோம்னு கேட்டான்" என்றேன். அவர் தலையசைத்தார். அவருக்கும் ஓரளவு ஆங்கிலம் தெரியும் என்பது எனக்கு அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

பள்ளத்தாக்கின் வாயில் காவல்காரர் குடிசை ஒன்று இருந்தது. விடிந்ததும் இரண்டு பெண்கள் ஆற்றைத் தாண்டிப் போனதைப் பார்த்ததாக அவர் சொன்னார். பிறகு கொஞ்சம் தயங்கினார்.

"அவங்களுக்குப் பின்னால ஆளுங்க சில பேர் போனாங்க. இந்தப் பக்கத்து ஆளுங்க இல்ல. மூட்டை வச்சிருந்தாங்க. நான் ஒண்ணும் கேக்கல."

4

நாம் தட்டை நிலத்து மக்கள். கடலூரில் எதிரே வருபவர் யார் என்று தொலைவிலேயே நடையை வைத்துச் சொல்லிவிடலாம். முகம் தெரிவதற்குள் என்ன பேசுவது என்று யோசித்து வைத்துவிடலாம். மலைப் பள்ளத்தாக்கில் அந்த வசதி இல்லை. பாதை திரும்பும், எதிரே ஆள் நிற்பான். அவ்வளவுதான் அவகாசம்.

இரண்டு பக்கமும் பாறைச் சுவர். நடுவில் ஆறு. கணுக்கால் அளவுத் தண்ணீர், ஆனால் நிறம் மாறத் தொடங்கியிருந்தது. மேலே எங்கோ மழை பிடித்துவிட்டது என்று அர்த்தம். ஆற்றைத் தாண்டியதும் பாதை நேராக மேலே ஏறியது. வேர்களைப் பிடித்துக்கொண்டு ஏற வேண்டும். காட்டில் ஒரு பறவைச் சத்தம் இல்லை. குரங்குகள் மட்டும் கிளைகளில் உட்கார்ந்து எங்களையே பார்த்தன. கத்தாத குரங்கை அன்றுதான் பார்த்தேன்.

முதலில் நான் முன்னால் போனேன். பின்னால் அவர் கத்தியால் கொடியை வெட்டும் சத்தம். ஒவ்வொரு வெட்டுக்கும் என் தோள் தானாகத் தூக்கிக்கொண்டது. கொஞ்ச தூரம் போனதும் சத்தம் நின்றது. திரும்பிப் பார்த்தேன். அவர் அசையாமல் நின்றிருந்தார்.

"நான் முன்னால போறேன், மாதாம்" என்றார். "அப்ப நீங்க என்னைப் பார்த்துக்கிட்டே வரலாம்."

அவர் முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நான் ஒதுங்கி வழிவிட்டேன்.

பாதித் தூரத்தில் ஒரு பாறை நிழலில் நெருப்பு மூட்டிய இடம் இருந்தது. குனிந்து கை வைத்தார். சாம்பல் சூடாக இருந்தது. பக்கத்தில் கிழிந்த சட்டை ஒன்று, கைப்பக்கம் கருகியிருந்தது. அந்த ஆட்கள் யார், கொளுத்தியவர்களா, கொளுத்தப்பட்ட வீட்டிலிருந்து தப்பி வந்தவர்களா என்று எங்களுக்குத் தெரியாது. கடைசிவரை தெரியவும் இல்லை. அல்ஃப்ரெட் சட்டையைக் காலால் புதருக்குள் தள்ளினார்.

"கூப்பிடுங்க" என்றார். "உங்க குரலைக் கேட்டா பொண்ணு பதில் சொல்லும்."

"செல்வீ! எங்கடி இருக்கே? அம்மா வந்திருக்கேன்டீ!"

பாறைச் சுவர் என் குரலை வாங்கிப் பல துண்டாக்கித் திருப்பித் தந்தது. எது நான் கூப்பிட்டது, எது மலை கூப்பிட்டது என்று எனக்கே தெரியவில்லை. பதில் இல்லை. நாங்கள் ஏற ஏறக் கூப்பிட்டுக்கொண்டே போனேன்.

மழை வந்துவிட்டது. வண்டியிலிருந்து அவர் இரண்டு கோணிச் சாக்குகளை எடுத்து வந்திருந்தார். கரும்புத் தோட்டத்தில் எல்லோரும் செய்வதுபோல ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் தள்ளிக் குல்லாயாக்கித் தலையில் போட்டுக்கொண்டார். எனக்கும் அப்படியே மடித்துக் கொடுத்தார். முதுகு முழங்கால்வரை மறைந்தது, முகம் பாதி மறைந்தது.

5

மேலே முகட்டை எட்டியபோது மழை சற்று விட்டு, மேகம் ஓரிடத்தில் கிழிந்தது. கடல் தெரிந்தது.

இருபது ஆண்டுகளாக இந்தத் தீவில் இருக்கிறேன். கடலைக் கரையிலிருந்துதான் பார்த்திருக்கிறேன். மேலிருந்து பார்க்கும்போது வேறாக இருந்தது. பவளப் பாறைமீது அலை உடையும் வெள்ளைக் கோடு தீவைச் சுற்றிச் சுருக்குப்போல் கிடந்தது. அதற்கு அப்பால் கறுப்பு நீலம், நிற்கிற இடமே இல்லை. தெற்கே தனியாக நிற்கும் பெரிய மலை ஈரத்தில் பளபளத்தது. வடக்கே, தலைநகர் இருக்கும் பக்கம், வெகு தொலைவில், மேகத்தின் அடியில் ஒரு பழுப்புக் கோடு எழுந்து சாய்ந்திருந்தது.

"கரும்புத் தோகை கொளுத்துறாங்களா?" என்றேன்.

"இது வெட்டுற காலம் இல்ல, மாதாம்" என்றார் அல்ஃப்ரெட்.

அதன் பிறகு இருவரும் வடக்கே பார்க்கவில்லை. சிகரம் எங்கள் தலைக்கு மேலே நின்றது. கடைசி ஏற்றம் வெறும் பாறை, ஒரு பக்கம் கிடுகிடு பள்ளம். மேலே ஏதோ அசைந்தது. நீலப் பாவாடை.

"மோ திஃபி!" என்று கத்தினார் அல்ஃப்ரெட். என் மகளே என்று அர்த்தம். கத்திக்கொண்டே ஓடினார். கத்தி கையில் இருப்பது அவருக்கு நினைவில்லை. காற்று எதிர்த்து அடித்தது. நானும் "செல்வீ" என்று அலறிக்கொண்டு பின்னால் ஓடினேன்.

மேலே இரண்டு உருவங்கள் எழுந்தன. எங்களைப் பார்த்தன. பிறகு திரும்பி, பாதை இல்லாத பக்கமாக ஓடின.

"நில்லுங்கடீ! ஓடாதீங்க!" என்றேன். ஒரு பெண்ணின் வீறிடல் கேட்டது. கற்கள் உருண்டு விழும் சத்தம். பிறகு ஒன்றுமில்லை.

பாறைமேல் ஏறிப் பார்த்தபோது செல்வி விளிம்பில் நின்றிருந்தாள். தலைக்குமேல் இரண்டு கையாலும் ஒரு கல்லைத் தூக்கியிருந்தாள். கண்கள் என்னைப் பார்க்கின்றன, நான் யார் என்று அவற்றுக்குத் தெரியவில்லை. நான் பெற்ற பெண். அந்தப் பார்வையை இதுவரை யாரும் என்மேல் வைத்ததில்லை.

அல்ஃப்ரெட் கத்தியைக் கீழே எறிந்தார். சாக்கைப் பிடுங்கிப் போட்டார். "முவா சா! நான்தான்! சில்வி, நான்தான்!"

நானும் சாக்கைத் தள்ளினேன். கல் அவள் கையிலிருந்து நழுவி அவள் காலருகே விழுந்தது.

"அம்மா" என்றாள். பிறகு, "ஜோசியான் விழுந்துட்டா."

6

ஆள் உயரம் இரண்டு சேர்ந்த ஆழத்தில் ஒரு திட்டில் கிடந்தாள். திட்டு இல்லாவிட்டால் பள்ளத்தாக்கின் அடிவரை போயிருப்பாள். அல்ஃப்ரெட் எப்படி இறங்கினார் என்று சொல்லத் தெரியவில்லை. அவர் இறங்கிக் கைகாட்ட, நானும் இறங்கினேன். அவளுக்கு நினைவு இருந்தது. வலது தொடை உடைந்து, கால் திரும்பியிருந்தது. நான் பிரசவம் பார்ப்பவள், எலும்பு வைத்தியம் எனக்குப் பழக்கமில்லை. கட்டத் தெரிந்த அளவுக்குக் கட்டினேன். அவர் கிளைகளை ஒடித்துத் தந்தார். புடவையின் முந்தானைப் பக்கத்தைக் கிழித்தேன். அந்தப் பெண் அலறவில்லை. "பப்பா, நீங்களா? நீங்கதானா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

மகளை முதுகில் கட்டிக்கொண்டு அவர் முதலில் பாதைக்கு ஏறி, பிறகு மலையிலிருந்து இறங்கினார். செல்வி முன்னால் கால் வைக்கும் இடம் பார்த்துச் சொல்ல, நான் பின்னாலிருந்து அந்த உடைந்த காலைத் தாங்கிக்கொண்டு வந்தேன். கீழே ஆறு இடுப்பளவு வந்திருந்தது. காவல்காரர் அக்கரையில் கயிற்றோடு காத்திருந்தார். அவர் இல்லாவிட்டால் நாங்கள் நால்வரும் அங்கேயே இரவைக் கழித்திருப்போம். சிப்பாய்கள் இந்தத் தடவை எதுவும் கேட்கவில்லை. வண்டிக்கு முன்னால் தங்கள் ஜீப்பை ஓட்டி ஆஸ்பத்திரிவரை வழி ஏற்படுத்திக் கொடுத்தார்கள்.

ஆஸ்பத்திரி நடையில் உட்கார்ந்திருந்தபோது செல்வி சொன்னாள். அரைத் தமிழ், அரைக் கிரியோல்.

"உங்க குரல் கேட்டுச்சும்மா. கீழே இருந்தே கேட்டுச்சு. நீங்கதான்னு தெரியும்."

"தெரிஞ்சா ஏன்டி பதில் சொல்லலே?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன். அப்புறம் பார்த்தா சாக்கு போட்ட ஆள், கையில கத்தி. பின்னால இன்னொரு ஆள். உங்களைப் பிடிச்சு வச்சுக்கிட்டு, எங்களைக் கூப்பிடச் சொல்றாங்கன்னு நினைச்சேன். ஓடுன்னு ஜோசியான்கிட்ட நான்தான் சொன்னேன்."

அல்ஃப்ரெட் எதிர் பெஞ்சில் இருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் செல்வி கடைசி வரியைக் கிரியோலில் சொன்னாள். அவர் எழுந்து வந்தார். என் மகளை அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்தார், வேறொன்றும் செய்யவில்லை.

7

கால் கூடிவருகிறது, ஆனால் குட்டையாகக் கூடுகிறது. ஆஸ்திரேலியாவுக்குப் போகிறவர்களைச் சோதிக்கும் மருத்துவர் ஜோசியானைக் கட்டை ஊன்றி நடக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, முடியாது என்று எழுதிவிட்டார். மற்றவர்கள் போகலாம், அவள் போக முடியாது. "அவளை விட்டுட்டா?" என்று தெரேஸ் கேட்டாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. கட்டில், மேசை எல்லாவற்றையும் விற்றிருந்தார்கள். இப்போது தரையில் பாய் போட்டுப் படுக்கிறார்கள். தாங்கள் வேண்டாம் என்று வாக்களித்த நாட்டில் அவர்கள் இருக்கப் போகிறார்கள். செல்வி போன மாதம் கப்பல் ஏறிவிட்டாள். கிளம்பும் முன் பக்கத்து வீட்டில் வெகுநேரம் இருந்தாள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. கண் வீங்கி வந்தாள், "அம்மா, அவளைப் பார்த்துக்குங்க" என்று மட்டும் சொன்னாள். இவ்வளவு முழுசாக ஒரு தமிழ் வாக்கியம் அவள் எனக்குச் சொல்லி வெகு நாளாயிற்று.

பார்த்துக்கொள்கிறேன். தினமும் போய் அந்தக் காலுக்கு எண்ணெய் போட்டு நீவிவிடுகிறேன். தெரேஸ் தேநீர் தருகிறாள். கிண்ணங்கள் மறுபடி வேலிக்கு மேலே போய்வருகின்றன. எல்லாம் சரியாகிவிட்டது என்று நீங்கள் நினைத்தால் நான் பாதிதான் எழுதியிருக்கிறேன் என்று ஆகும்.

நேற்றுச் சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரம். யாரோ கேட்டைத் திறந்தார்கள். வாசல் வரை கால்சத்தம் வந்து நின்றது. என் கணவர் நாற்காலியை விட்டு எழுந்தார். நல்ல மனிதர், கோயில் திருவிழாவில்கூடக் குரல் உயர்த்தாதவர். கதவுக்குப் பின்னால் அவர் ஒரு தடி வைத்திருப்பது எனக்கு அப்போதுதான் தெரியும். அதைக் கையில் எடுத்துக்கொண்டார்.

வெளியிலிருந்து அல்ஃப்ரெட்டின் குரல், "ஜோசியான் இன்னைக்குக் கட்டை இல்லாம நாலடி நடந்தா. சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்" என்றது.

"வாங்க, வாங்க" என்று கணவர் கதவைத் திறந்தார். அந்தக் குரலில் உண்மையான மகிழ்ச்சி இருந்தது. தடி அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அல்ஃப்ரெட் சிரித்தபடி உள்ளே வந்து உட்கார்ந்தார். வெகுநேரம் பேசினார். கணவர் அவரெதிரே நின்றுகொண்டே பேசினார். அல்ஃப்ரெட் கண்ணில் படாமல் தடியைச் சாய்த்துவைக்க அவருக்கு ஓர் இடம் கிடைக்கவில்லை.